அரசன் எழுதிய சரித்திரமும் பாறை சொல்லும் சாட்சியும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையைத் தொட்டு இடப்புறம் திரும்பினால் கீழக்குயில்குடி. ஊர்க்கோடியில் தாமரைக் குளம், அதன் கரையில் ஆலமரங்கள், அய்யனாரும் கருப்பசாமியும் காவல் நிற்கும் கோயில். கோயிலுக்குப் பின்னால் மொட்டைப் பாறையாக நீண்டு கிடக்கிறது சமணர் மலை.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம் வரும். அங்கே சுனையை ஒட்டி வரிசையாகத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் சில வரிகள். ஓர் உருவத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார். மற்றவற்றைச் செய்வித்தவர்கள் இன்னாருடைய மாணாக்கர், இன்ன பள்ளியைச் சேர்ந்தவர் என்று பெயரும் ஊரும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் இந்தப் பெயர்களுக்கு அடைமொழி இல்லை, ஆரவாரம் இல்லை.

இன்னும் சற்று மேலே ஏறினால் இடிந்துபோன ஒரு கோயிலின் அடித்தளம். அதிலும் எழுத்து உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் அங்கே இருந்த மாதேவிப் பெரும்பள்ளியைப் பற்றி அது பேசுகிறது.

இதே பாண்டியன் தன் 45-ஆம் ஆட்சியாண்டில் வெளியிட்ட செப்பேடு ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. தளவாய்புரச் செப்பேடு என்று அதற்குப் பெயர். அதில் பாண்டியர் குலம் சந்திரனிலிருந்து தொடங்குகிறது! தேவர்களும் முனிவர்களும் வந்து போகிறார்கள். முன்னோர்கள் செய்த யுத்தங்கள் அணி அணியாக வருகின்றன. தோல்வி என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

பாறையில் உள்ள சில வரிகள், செப்பேட்டில் உள்ள நெடுங்கதை: இந்த இரண்டில் எதை நம்புவது?

அரண்மனைச் சரக்கு

நம் நாட்டு அரசர்களுக்குச் சரித்திர உணர்ச்சி இல்லை என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு ஆசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது சுத்தப் பிசகு. உணர்ச்சி வேண்டிய மட்டும் இருந்தது. அதை அவர்கள் புத்தகமாக எழுதாமல் பத்திரமாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. நெடுஞ்சடையன் என்ற பராந்தக பாண்டியன் முடிசூடி மூன்றாம் ஆண்டு. ஒரு நாள் கூடல் மாநகரில் அரசன் செல்லும்போது ஒரு பிராமணர் உரக்க முறையிடுகிறார். "என் முன்னோருக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தானம் கொடுத்த ஊர் வேள்விக்குடி. பிறகு களப்பிரர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள். மீட்டுத் தர வேண்டும்" என்பது முறையீட்டின் சாரம். அரசன் சிரித்துக்கொண்டே, "பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துக் கொள்" என்கிறான். அவரும் அங்கேயே மெய்ப்பிக்கிறார். ஊர் திரும்பக் கிடைக்கிறது.

இந்த நில வழக்கை முடித்துக் கொடுக்கும் பத்திரத்தின் தலைப்பில்தான் பாண்டியர் வரலாறு எழுதப்பட்டது! களப்பிரர் பாண்டிய நாட்டைக் கைப்பற்றியதும், கடுங்கோன் என்பவன் அதை மீட்டதும், அவனுக்குப் பின் யார் யார் ஆண்டார்கள் என்பதும் இந்தச் செப்பேட்டால்தான் தொடர்ச்சியாகத் தெரியவந்தது. ஒரு பிராமணருக்கு நிலத்தின்மேல் இருந்த பாத்தியதை நமக்கு ஒரு வம்ச சரித்திரத்தைத் தந்துவிட்டது.

தேனி சாலையிலேயே இன்னும் மேற்கே போனால் வரும் சின்னமனூரிலும் இப்படிப்பட்ட செப்பேடுகள் அகப்பட்டன. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும், மதுரையில் சங்கம் வைத்ததும் பாண்டிய முன்னோரின் செயல்கள் என்று அவற்றில் கண்டிருக்கிறது.

சோழ நாட்டில் முதலாம் ராஜராஜன் இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டான். அவனுடைய 8-ஆம் ஆட்சியாண்டு வாக்கில் தொடங்கி, கோயிலுக்கு யாரோ ஒருவர் ஆடு கொடுத்தாலும் விளக்கு வைத்தாலும் அந்தக் கல்வெட்டின் முகப்பில் அரசனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டது. புது நாடு ஒன்றை வென்றால் மெய்க்கீர்த்தியில் புது வரி ஒன்று ஏறும். இதனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம். வெற்றிப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்தே கல்வெட்டின் காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

ஆனால் அதில் வெற்றிகள் மட்டும்தானே ஏறும்? பட்டியல் நீளுமே தவிரக் குறையாது.

பேனாவுக்கு அஞ்சிய சக்கரவர்த்தி

சீனர்கள் இந்த விஷயத்தில் வேறு வழியில் போனார்கள். அரசன் உயிரோடு இருக்கும்போதே அவன் புகழைக் கல்லில் வெட்டுவது நம் வழக்கம். அங்கேயோ ஒரு வம்சத்தின் முழுச் சரித்திரத்தை அந்த வம்சம் அழிந்த பிறகு அடுத்து வந்த வம்சம் எழுதும். அதற்கு வேண்டிய குறிப்புகளை மட்டும் அவ்வப்போது அரண்மனை உத்தியோகஸ்தர்கள் எழுதி வைப்பார்கள்.

அந்த உத்தியோகத்துக்கு ஆதிகாலத்திலேயே ஒரு மானம் உண்டு. கி. மு. 548-ல் சீ என்ற ராஜ்யத்தில் சுய் ஷு என்ற மந்திரி தன் அரசனைக் கொல்வித்தான். "சுய் ஷு தன் அரசனைக் கொன்றான்" என்று ஆஸ்தான சரித்திரக்காரர் எழுதினார். மந்திரி அவர் தலையை வாங்கினான். தம்பி வந்து அதையே எழுதினான், அவனும் மாண்டான். அடுத்த தம்பிக்கும் அதே கதி. அதற்கும் அடுத்தவன் வந்து அதே வரியை எழுதியபோது மந்திரிக்குக் கை ஓய்ந்துவிட்டது. இதற்குள் தெற்கேயிருந்து இன்னொரு சரித்திரக்காரர் கையில் மூங்கில் சுவடியோடு புறப்பட்டுவிட்டாராம், ஒருவரும் மிஞ்சாவிட்டால் தாமே எழுதுவதற்காக!

கி. மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீமா சியான், தோற்றுப்போன ஒரு தளபதிக்காகப் பரிந்து பேசியதற்காக அரசனால் ஆண்மை அறுக்கப்பட்டார். அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு உயிரோடிருந்து தம் மகா சரித்திரத்தை முடித்தார். பிற்காலத்து அரசாங்க சரித்திரங்களுக்கெல்லாம் அதுவே மாதிரி. அதில் தொடங்கி 1739-ல் முடிவான மிங் வம்ச சரித்திரம் வரை 24 நூல்களைச் சீனர் முறைப்படியான சரித்திரங்களாகக் கணக்கிடுகிறார்கள்.

டாங் வம்சத்துத் தைசோங் சக்கரவர்த்தி 629-ல் இதற்கென்றே தனி இலாகா ஏற்படுத்தினார். அவர் 626-ல் சகோதரர்கள் இருவரைக் கொன்று பட்டத்துக்கு வந்தவர். தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசை வராமல் இருக்குமா? தினக்குறிப்பைக் காட்டச் சொன்னார். "அரசர் அதைப் பார்ப்பது வழக்கமில்லை" என்று சொல்லிவிட்டார் சூ சுய்லியாங் என்ற அதிகாரி. பிறகு மந்திரிகள் தொகுத்துக் கொடுத்த ஒரு பிரதியைப் பார்த்துத்தான் சக்கரவர்த்தி திருப்தியடைந்தார். பார்க்கக் கூடாது என்ற விதி உடைந்தது அங்கேதான். இலாகா வைத்தவரே இலாகாவைக் கெடுத்தார் என்றும் சொல்லலாம்.

அடுத்த வம்சம் எழுதுவதால் மட்டும் உண்மை வந்துவிடுமா என்றும் கேட்கத் தோன்றும். முந்தியவன் கெட்டவன் என்று காட்டினால்தானே பிந்தியவனுக்குச் சிங்காதனத்தில் உட்கார நியாயம் கிடைக்கும்! சீனத்துச் சரித்திரங்களில் வம்சங்களின் கடைசி அரசர்கள் பலர் குடிகாரர்களாகவும் கொடுங்கோலர்களாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான் போலும்.

சோழன் கொண்டுபோன முத்து

அந்தச் சீனச் சரித்திரங்களிலே நம் அரசர்களும் இருக்கிறார்கள். சோழ நாட்டைச் சூ-லியென் என்று எழுதுகிறது சோங் வம்ச சரித்திரம். லோ-ட்ஸா-லோ-ட்ஸா என்ற அரசன் அனுப்பிய தூதுக் கோஷ்டி 1015-ல் முத்துக்களோடும் யானைத் தந்தங்களோடும் வந்து சேர்ந்ததாம். பெயரை இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், ராஜராஜன் தெரிவான். வழியில் 1,150 நாட்கள் ஆயின என்றும் கணக்குச் சொல்கிறது. தூதர்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் இங்கே ராஜராஜன் காலமாகிவிட்டான். 1033-ல் ராஜேந்திரனின் தூது. 1077-ல் 72 பேர் கொண்ட இன்னொரு கோஷ்டி. அவர்கள் கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசு கொடுக்கப்பட்டது என்பது வரை பதிவாகியிருக்கிறது.

சீன அரசாங்கத்தின் கண்ணில் இதெல்லாம் தூர தேசத்து ராஜா செலுத்திய கப்பம். சோழரின் மெய்க்கீர்த்திகளைப் புரட்டினால் ஈழம் இருக்கிறது, கங்கை இருக்கிறது, கடாரம் இருக்கிறது. சீனத்துக்குத் தூது போன பிரஸ்தாபமே இல்லை! வியாபாரம் வெற்றியில் சேராது என்று விட்டார்களா, கப்பம் என்ற பேச்சு வரும் என்று விட்டார்களா, யார் கண்டார்கள்? எப்படியானாலும் மூன்று வருஷக் கடல் யாத்திரை ஒன்று நம் பக்கத்துப் பதிவில் காணாமலே போயிற்று.

பாண்டியரும் தப்பவில்லை. மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய்கானின் தூதன் 1281-ல் கொல்லத்துக்குப் போகிற வழியில் காற்று சரியில்லாமல் மாபார் கரையில் இறங்கினான். மாபார் என்றால் பாண்டிய நாடு. அப்போது ஐந்து சகோதரர்கள் அங்கே ஆண்டுகொண்டிருந்தார்கள் என்று யுவான் வம்ச சரித்திரம் எழுதுகிறது. சில வருஷங்கள் கழித்து வந்த மார்க்கோ போலோவும் ஐந்து அரச சகோதரர்கள் என்றே சொல்கிறார். பாண்டியர் கல்வெட்டுகளில் ஒவ்வொருவரும் தாமே உலகத்துக்கு ஒரே சக்கரவர்த்தி! ஒரே காலத்தில் இத்தனை பேருக்கு ஆட்சியாண்டு ஓடுகிறதே என்று கல்வெட்டு அறிஞர்கள் திகைத்திருக்கிறார்கள். இந்தப் புதிருக்கு அயல்நாட்டுக் குறிப்புகள் துணைக்கு வந்தன.

மதுரை வாயிலில் இரண்டு கதைகள்

அரசாங்க சரித்திரங்கள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டென்றால், அது 1170-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைதான்.

பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் பட்டத்துக்குச் சண்டையிட்டார்கள். மதுரைக்குள் முற்றுகையில் சிக்கிய பராக்கிரமன் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவுக்கு ஓலை அனுப்பினான். லங்காபுரன் என்ற தளபதியின் கீழ் சிங்களப் படை கிளம்பியது. அது வந்து சேர்வதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, பராக்கிரமனை மனைவி மக்களோடு கொன்றுவிட்டான். தப்பியவன் வீரபாண்டியன் என்ற ஒரு மகன்தான்.

இதுவரை தகராறு இல்லை. இனிமேல் நடந்ததை இலங்கையின் அரச சரித்திரமான மகாவம்சத்தின் பிற்பகுதி, அதாவது சூளவம்சம், விஸ்தாரமாகச் சொல்கிறது. லங்காபுரன் ராமேசுவரக் கரையில் இறங்குகிறான், ஊர் ஊராக வெல்கிறான், மதுரைக்குள் நுழைகிறான், வீரபாண்டியனுக்கு முடிசூட்டுகிறான். பிடிபட்ட தமிழர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு அநுராதபுரத்துப் பெரிய தூபியைச் செப்பனிடும் வேலையில் அமர்த்தப்படுகிறார்கள். வெற்றியின் ஞாபகமாகப் பாண்டு விஜயம் என்று ஓர் ஊர். அதோடு கதை நின்றுவிடுகிறது. லங்காபுரன் வெற்றியோடு ஊர் திரும்பினான் என்று ஒரு வரி எதிர்பார்ப்போம். அது இல்லை.

அந்த வரி ஏன் இல்லை என்பதைச் சோழ நாட்டில்தான் தேட வேண்டும். குலசேகரன் சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் உதவி கேட்டிருந்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு. சிங்களப் படை ராமேசுவரத்துக் கோயிலைச் சூறையாடி வழிபாட்டை நிறுத்திவிட்டது என்று கேட்டு நடுங்கிப்போன சம்புவராயச் சிற்றரசன், ஞானசிவதேவர் என்ற பெரியவரைச் சரண் அடைகிறான். அவர் 28 நாள் பூஜை செய்கிறார். எதிரிகள் ஓடிய செய்தி வருகிறது. ஆர்ப்பாக்கம் அவருக்குக் காணிக்கை! போர் நடந்ததோ பாண்டிய நாட்டில்; பயம் காஞ்சிபுரம் வரை போயிருக்கிறது. எந்த மெய்க்கீர்த்தியும் இந்த நடுக்கத்தை நமக்குச் சொல்லியிருக்காது.

மாயவரத்துப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இன்னும் காரம். சோழன் மந்திரி பல்லவராயர் சிங்களப் படையை முறியடித்தார்; லங்காபுரன் முதலிய தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் ஆணி அடித்து மாட்டப்பட்டன என்கிறது அது. சூளவம்சம் பாதியில் வாயை மூடிக்கொண்டதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

சோழர் கதையும் இதோடு முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து எழுந்த திருவாலங்காட்டுக் கல்வெட்டைப் பார்த்தால், சோழன் ரத்தம் சிந்தி உட்கார வைத்த குலசேகரன் நன்றி மறந்து இலங்கையோடேயே சேர்ந்துகொண்டான்! சோழன் அவனை விரட்டிவிட்டு வேறொருவனுக்குப் பட்டம் கட்டினான். யாருக்கு? இலங்கைப் படை முன்பு முடிசூட்டிய அதே வீரபாண்டியனுக்கு. இரண்டு பகைவர்களும் ஒரே பிள்ளைக்கு முடிசூட்டி, இரண்டு பேரும் வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். நடுவில் எரிந்த ஊர்கள் பாண்டிய நாட்டு ஊர்கள்.

ஒன்றை மட்டும் படித்திருந்தால் நாம் ஏமாந்திருப்போம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இவர் மறைத்ததை அவர் சொல்லிவிடுகிறார்.

கடைசி வம்சத்தின் பதிவேடு

முந்திய ஆட்சியின் கதையைப் பிந்திய ஆட்சி எழுதும் சீன வழக்கம் மதுரைக்கும் வந்து சேர்ந்தது, ஆங்கிலேயரோடு. சென்னை அரசாங்கத்தின் உத்தரவின் பேரில் நெல்சன் என்ற சிவில் அதிகாரி 1868-ல் மதுரை நாட்டைப் பற்றி ஒரு பெரிய கையேடு வெளியிட்டார். 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச் சுவடி வந்தது. பாண்டியர், நாயக்கர், நவாபு எல்லோரும் வந்து போய், கடைசியில் கும்பினியார் வந்து ஒழுங்கை நிலைநாட்டுவதாக முடியும் கதை. அவற்றில் உழைப்பு நிறைய உண்டு; இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. ஆனாலும் எழுதியவர் யார் என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

புத்தகத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தி வந்தது. மதுரைச் சீமையில் அது முதலில் பாய்ந்த ஊர்களில் இந்தக் கீழக்குயில்குடியே முன்னால் நிற்கிறது, ஆண்டு 1914. இங்கிருந்த பிரமலைக் கள்ளர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. கைரேகை வாங்கினார்கள். குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதம் இல்லை, பிறந்ததே போதும். ஜனங்கள் வாயில் அது ரேகைச் சட்டம். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆகிவிட்டது.

ஆக, இந்த ஒரு மலையடிவாரத்தில் இரண்டு விதமான பெயர்ப் பட்டியல்கள் இருந்திருக்கின்றன. ஒன்று, தம் பெயர் நிற்க வேண்டும் என்று விரும்பியவர்கள் கல்லில் வெட்டிக்கொண்டது. மற்றொன்று, விரும்பாதவர்களின் பெயரை அரசாங்கம் காகிதத்தில் ஏற்றியது. செப்பேட்டுப் புலவன் பாண்டியனைச் சந்திர குலம் என்று எழுதினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. குமாஸ்தா ஒரு குலத்தையே குற்றவாளி என்று எழுதினால், கதை கேட்டு வளர வேண்டிய பிள்ளைகள் தகப்பனைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதாகிறது. அரசாங்கம் எழுதும் சரித்திரத்தில் வெறும் மிகை ஒரு ஜாதி, பழி இன்னொரு ஜாதி. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க எனக்குச் சம்மதமில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் வட்டெழுத்து கண்ணுக்கு அகப்படாது. பாறையோடு பாறையாக மறைந்துவிடும். சாய்வெயில் விழும் வேளையில் போனால் கோடுகளில் நிழல் தங்கி எழுத்துகள் எழுந்து நிற்கும். அடிவாரத்தில் தெற்கே ஒதுங்கியிருக்கும் செட்டிப்புடவுக் குகையையும் பார்க்கலாம். அங்கே அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்றே அழைக்கிறார்கள். மலைமேல் விளக்குத் தூண் நிற்கும் இடத்தருகே கன்னட எழுத்திலும் சில பெயர்கள் இருக்கின்றன. கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவோடு தொடர்புடைய துறவிகளின் பெயர்கள் அவை. அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக உங்கள் பெயரைக் கிறுக்க வேண்டாம்.